அறுபது சொல்லுக்குள் ஒரு கரை

கோடியக்கரைக்கு நான் போனது பறவை பார்க்க அல்ல, பலகை எழுத. சரணாலயத்துக்கு வருபவர்கள் நின்று படிக்கும் தகவல் பலகைகளுக்கு வாசகம் எழுதித் தரும் ஒப்பந்த வேலை. மொத்தம் பதினொரு பலகை. ஒன்றில் அறுபது சொல்லைத் தாண்டக் கூடாது, வெயிலில் நிற்பவர் அதற்கு மேல் படிக்கமாட்டார் என்றார்கள். எழுதுகிறவனுக்கு இது அவமானமாகத்தான் பட்டது. முதல் நாள் பதினோரு மணி வெயிலில் உச்சந்தலை காய்ந்தபோது, அறுபதே அதிகம் என்று தோன்றியது.

முதல் பலகை தானாக எழுதிக்கொண்டது. வடக்கு தெற்காக ஓடிவரும் சோழமண்டலக் கரை இங்கே சட்டென்று மேற்கே மடங்குகிறது. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பாக் நீரிணை. கோடி என்றால் கடைசி, முனை. 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. போதும்.

இரண்டாவதில் மாட்டிக்கொண்டேன். ‘இயற்கை அன்னையின் மடியில் துள்ளி விளையாடும் வெளிமான்கள்’ என்று தொடங்கியிருந்தேன். என்னோடு சுற்றியவர் உள்ளூர்க்காரர், காட்டுக் காவலில் தினக்கூலியாக இருந்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். நான் படித்துக் காட்டியதும் சிரிக்கவில்லை, அதுதான் வலித்தது.

“துள்ளி விளையாடலை தம்பி, மேயுது. வெயில் ஏறிட்டா ஓரத்து மர நிழலுக்குப் போயிடும். அதைப் போடுங்க. படிக்கிறவன் அடுத்த தடவை காலையிலேயே வருவான்.”

அன்னையை அடித்துவிட்டு நேரத்தை எழுதினேன்: வெளிமான்களைக் காலை ஒன்பதுக்குள் புல்வெளியில் பார்க்கலாம், கருத்த உடலும் முறுக்குக் கொம்பும் என்றால் ஆண், பழுப்பு என்றால் பெண். பதினொன்றில் உருப்படியான பலகை அது ஒன்றுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

மட்டக்குதிரைகளைப் பற்றிய பலகை வேறு மாதிரித் தலைவலி. வருகிறவர்களுக்கு அவற்றைத்தான் அதிகம் பிடிக்கிறது; கடலோரப் பின்னணியில் பிடரி பறக்க நின்றால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அவை காட்டு விலங்கு அல்ல, எப்போதோ மனிதர் வளர்த்தவற்றின் வம்சம். கோடையில் புல்லுக்கும் குடிநீருக்கும் மானோடு போட்டி போடுகின்றன. சீமைக்கருவேலங்காயைத் தின்று சாணியோடு விதையைப் பரப்புகின்றன. அந்த முள் புல்வெளியை விழுங்குகிறது. இத்தனையையும் எழுதி அனுப்பினேன். ‘பார்வையாளர்கள் மனம் கோணாதபடி’ என்று பென்சில் குறிப்போடு திரும்பி வந்தது.

உள்ளான் என்னும் சின்னக் கரைப்பறவைகளுக்கு என் சொற்கள் போதவே இல்லை. கால்வளையம் மாட்டும் ஆய்வாளர்களோடு ஓர் இரவு சேற்றில் நின்றேன். வலையிலிருந்து எடுத்த கொசு உள்ளானைத் துணிப்பையில் போட்டுத் தராசில் தொங்கவிட்டார்கள். இருபத்தைந்து கிராம்கூட இல்லை. அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது ஆர்க்டிக் ஓரத்துச் சமவெளியில். அங்கிருந்து இந்தச் சேற்றுக்குப் புழு பொறுக்க வருகிறது. வளையம் மாட்டி விட்டதும் பறந்துவிடவில்லை. இரண்டடி நடந்து சேற்றைக் கொத்த ஆரம்பித்தது. பசி.

பெரிய சண்டை எட்டாவது பலகையில் வந்தது. அது உப்பு. சரணாலயத்தை ஒட்டி வேதாரண்யம் வரை உப்பளங்கள். 1930 ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து புறப்பட்ட ராஜாஜியின் அணி நடந்தே வந்து, 30-ஆம் தேதி அகத்தியம்பள்ளியில் உப்பை அள்ளியது. சத்தியாக்கிரகிகளை அடித்த போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய மறுத்துச் சிறைக்குப் போன வைரப்பன் இந்தப் பக்கத்துக்காரர். அவருக்கு வேதாரண்யத்தில் நினைவுத்தூண் இருக்கிறது. இவை எல்லைக்கு வெளியே நடந்தவை, சரணாலயப் பலகையில் வேண்டாம் என்றார்கள். பூநாரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மேய்கிறதே, அதற்கு எல்லை எது என்று கேட்டேன். பதில் வரவில்லை. பலகையும் வரவில்லை.

அந்தக் கோபத்தில்தான் ஒரு சாயங்காலம் கோடியக்கரையின் சிவன் கோயிலான குழகர் கோயிலுக்குப் போனேன். எட்டாம் நூற்றாண்டில் சுந்தரர் இங்கே வந்து பாடியிருக்கிறார். மற்ற தலங்களில் வயலையும் சோலையையும் பாடியவர், இங்கே சாமியிடம் ஆதங்கப்படுகிறார்: கடற்காற்று இப்படி வந்து மோதுகிறது, பக்கத்தில் நாலு குடி இருந்தால் குற்றமா, யாரைத் துணையாக நம்பி இங்கே தனியாக இருக்கிறீர் என்று. அதைப் படித்தபோது என் பையில் ஒன்பதாவது பலகையின் வாசகம் இருந்தது. ‘மனித வாடையே படாத எழில்மிகு கரை’ என்று அதில் பெருமையாக எழுதியிருந்தேன். அவருக்குக் குறையாகப் பட்டதை நான் அழகென்று விற்றுக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு அது பொய்யும்கூட. உப்பு வாரியவர்கள், மாடு மேய்த்தவர்கள், வலை இழுத்தவர்கள், ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் குளிக்க வருகிறவர்கள் என்று ஆள் புழங்காத நாளே இந்தக் கரைக்கு இருந்ததில்லை. அந்த வரியை அடித்தேன். பதிலாக எதை எழுதுவது என்று மூன்று நாள் தெரியவில்லை. கடைசியில் ஒன்பதாவது பலகை நாற்பது சொல்லோடு நின்றது. யாரும் கேட்கவில்லை.

பலகைகள் நட்டு ஒரு வருடத்தில் ஆணிகள் துருப்பிடித்து ஒழுகி, எழுத்தின் மேல் செம்மண் நிறக் கோடுகள் இறங்கின. உப்புக்காற்று அடிக்கும் கரையில் இரும்பு ஆணி அடிக்கலாமா என்று யாராவது ஒரு மீனவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நானும் கேட்கவில்லை.

அப்புறம் 2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல். வேதாரண்யத்தை ஒட்டித்தான் கரையேறியது. பல வாரம் கழித்து, எத்தனை பலகை மிஞ்சியது என்று எண்ணி வரச் சொன்னார்கள். நின்றது இரண்டு. ஒன்று மான் பலகை. சுற்றிலும் பாலை மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. நின்றவற்றில் இலை இல்லை. இறந்த மான்களைப் பற்றி அண்ணன் தானாக எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அவர் அதை மெதுவாக, எழுத்துக்கூட்டுவது போல் படித்தார்.

“ஒன்பது மணிங்கிறதை மாத்தணும் தம்பி.”

“எத்தனைன்னு போடட்டும்ணே?”

அவர் புல்வெளியின் ஓரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நிழல் இல்லையே. வெயில் ஏறினா அது எங்கே போகுதுன்னு எனக்கே இன்னும் பிடிபடலை. கொஞ்ச நாள் வெறுமனே விடுங்க.”