ஜூம் இல்லாத கேமராவோடு

ஜூன் 3

பெரிய கேமரா பை அலமாரியிலேயே இருக்கட்டும், வெளியே போனால் இந்தச் சின்னது மட்டும் போதும் என்று முடிவு செய்து கொஞ்ச நாளாகிறது. எழுதி வைக்க இன்றுதான் நேரம் கிடைத்தது. லென்ஸைக் கழற்ற முடியாது, ஜூம் கிடையாது, ஒரே ஒரு 28 மி.மீ. கோணம், அதாவது காட்சியை அகலமாகப் பிடிக்கும் கோணம். (இங்கே நான் சொல்லும் மி.மீ. கணக்கெல்லாம் 35 மி.மீ. ஃபிலிமுக்குச் சமமான கணக்கு. உள்ளே இருக்கும் லென்ஸின் நிஜக் குவியத் தூரம் 18 சொச்சம்தான்.) என்ன பிராண்ட் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அப்புறம் எந்த பிராண்ட் உசத்தி என்ற சண்டைதான் நடக்கும், படத்தைப் பற்றிப் பேச ஆள் இருக்காது.

சட்டைப் பையில் போகிற உடம்பு என்றாலும் உள்ளே இருப்பது பல டிஎஸ்எல்ஆர்களில் (லென்ஸ் மாற்றும் பெரிய கேமராக்களில்) இருக்கும் அதே ஏபிஎஸ்-சி அளவுச் சென்சார் (படம் விழும் சில்லு), ஏறக்குறைய 23.5-க்கு 15.6 மி.மீ. இவ்வளவு பெரிய சென்சாரை இவ்வளவு சின்ன உடம்பில் அடைக்க முடிவதற்குக் காரணமே லென்ஸ் கழலாததுதான். லென்ஸை மாட்டும் மவுன்ட் வளையம் தேவையில்லை, லென்ஸின் கண்ணாடியைச் சென்சாருக்கு மிக அருகில் கொண்டுபோய் வைக்கலாம், ஒளியைத் திறந்து மூடும் ஷட்டரைக்கூட லென்ஸுக்குள்ளேயே ஒளித்துவிடலாம்.

ஜூன் 5

மழை. மாடிப்படியில் மட்டும் சில படங்கள். ஒன்று தேறும்.

ஜூன் 9

இன்று முழுக்கத் தூரக் கணக்கு. ஜூம் இருந்தபோது நின்ற இடத்தில் நின்றபடியே வளையத்தைத் திருகிக்கொண்டிருப்பேன், எங்கே நிற்பது என்ற கேள்வியே வராது. இப்போது முதலில் வருவதே அந்தக் கேள்விதான். 28-இல் ஒரு கணக்கு இருக்கிறது: கேமராவைப் படுக்கையாகப் பிடித்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்களோ அதைப்போல் சுமார் 1.3 மடங்கு அகலம் படத்தில் விழும். சராசரி உயரமுள்ள ஒருவர் தலை முதல் கால் வரை அடங்க இரண்டு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும், கொஞ்சம் காற்று விட்டால் இரண்டரை. 35 மி.மீ. கோணத்தில் எடுக்கிறவர்களுக்கு இன்னும் சுலபம், தூரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றே. இதைப் பழகிக்கொண்டால் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்கு முன்பே சட்டகம் தெரிந்துவிடுகிறது, எடுக்கிற வேலை கடைசி அரை வினாடியில் முடிந்துவிடும்.

அகலக்கோண லென்ஸ் முகத்தைக் கோணலாக்கும், மூக்கைப் பெரிதாக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. பாதிதான் உண்மை. ஓரத்தில் முகத்தை வைத்தால் இழுபடும், அது லென்ஸின் குணம். ஆனால் மூக்கு பெரிதாவது நாம் முகத்துக்கு மிக அருகில் போய் நிற்பதால், லென்ஸ் என்ன செய்யும் பாவம். அதே 28-இல் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்து, பிறகு முகத்தை மட்டும் வெட்டிப் பாருங்கள், மூக்கு மூக்காகவே இருக்கும்.

ஜூன் 14

முன்கூட்டியே ஃபோகஸ் வைத்து எடுக்கும் பழைய வித்தையை இன்று திரும்பப் பழகினேன். லென்ஸின் துளையை எஃப்/8-இல் வைத்து (எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்), ஃபோகஸை இரண்டரை மீட்டரில் நிறுத்திவிட்டால், சுமார் ஒன்றேகால் மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாமே ஏற்கத்தக்க தெளிவோடு விழுகிறது. லென்ஸின் நிஜக் குவியத் தூரம் இவ்வளவு குறைவாக இருப்பதன் லாபம் இது. ஆட்டோஃபோகஸ் தேடித் தடவுகிற நேரமே இல்லை, பொத்தானை அழுத்தினால் படம். பேருந்து நிறுத்தத்தில் குடையை விரிக்கப்போகும் ஒருவர், நாய் சிலிர்த்துத் தண்ணீரை உதறும் அந்தக் கணம், இதெல்லாம் ஆட்டோஃபோகஸை நம்பி என் கையில் ஒருபோதும் சிக்கியதில்லை. வெளிச்சம் குறைந்தால் எஃப்/8 கட்டுப்படியாகாது என்பது தனிக் கதை. ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணரும் அளவை, 3200 வரை தயங்காமல் ஏற்றுகிறேன். அசைந்து கலைந்த படத்தைவிடக் கொஞ்சம் மணல் தூவினாற்போன்ற படம் மேல்.

ஜூன் 15

நேற்றைய நாய்ப் படத்தை நாயின் சொந்தக்காரருக்கு அனுப்பினேன். அவர் இப்போது எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 21

தம்பி வந்திருந்தான். கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, போன்லயே நல்லாத்தானே வருது, இது எதுக்கு தனியா?" என்றான். நியாயமான கேள்வி, ஏனென்றால் போனின் முதன்மைக் கேமராவும் 24, 26 என்று இதே வட்டாரத்தில் இருக்கும் அகலக்கோண லென்ஸ்தான். நல்ல வெயிலில், சின்னத் திரையில், இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் காட்ட என்னாலும் முடியாது. மங்கிய அறையில் காட்டினேன். போன் பல படங்களை ஒன்றாக அடுக்கி நிழலையெல்லாம் வெளுத்துக் கொடுத்தது. இது நிழலை நிழலாகவே விட்டது. அவனுக்குப் போன் படம்தான் பிடித்தது! சரி, விடு என்றேன்.

நான் அவனிடம் சொல்லாத காரணம் வேறு. போனை எடுத்தால் பாதி நேரம் செய்தி ஏதாவது வந்திருக்கும், எதற்கு எடுத்தோம் என்பதே மறந்துபோகும். இதில் வருவதற்கு ஒன்றுமில்லை.

ஜூன் 28

இந்த வகைக் கேமராக்களின் பழைய கதையைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். ரிக்கோ 1996-இல் ஜிஆர்1 என்ற ஃபிலிம் கேமராவைக் கொண்டுவந்தது, 28 மி.மீ. எஃப்/2.8. 2005-இல் அது டிஜிட்டலானது, ஆனால் சின்னச் சென்சாரோடு. ஏபிஎஸ்-சி சென்சார் வந்தது 2013-இல். இதற்கு நடுவே 2008-இல் சிக்மாவின் டிபி1 பெரிய சென்சாரைச் சின்ன உடம்பில் வைத்துக் காட்டியது. 2011-இல் கடைக்கு வந்த ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100 பழைய டயல்களும் கண்ணாடி வ்யூஃபைண்டருமாக ஒரு கூட்டத்தையே தன் பக்கம் இழுத்தது. 2012-இல் சோனி ஆர்எக்ஸ்1, 35 மி.மீ. ஃபிலிம் அளவேயான முழு அளவுச் சென்சாரோடு.

ஷட்டர் விஷயம்தான் எனக்கு இதில் சுவாரசியம். திரை போல ஓடாமல், லென்ஸுக்குள் இருக்கும் இதழ்கள் நடுவிலிருந்து விரிந்து மூடுகின்றன. அதனால் சத்தம் ஒரு சின்ன டிக், பக்கத்தில் இருப்பவர்கூடத் திரும்புவதில்லை. திரை ஷட்டர் உள்ள கேமராக்களில் ஃபிளாஷ் 1/200, 1/250 வினாடியோடு நின்றுவிடும், இதில் அந்தத் தடை இல்லை. நட்ட நடு வெயிலில் 1/1000-இல் ஃபிளாஷ் போட்டு முகத்து நிழலைப் போக்கலாம். ஒரு சிக்கலும் உண்டு. துளை அகலமாகத் திறந்திருந்தால் இதழ்கள் அதிக தூரம் போய்வர வேண்டும், ஆகவே வேகம் குறையும். முதல் எக்ஸ்100-இல் எஃப்/2-இல் 1/1000 தான் எல்லை. அதனால்தான் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டரை உள்ளேயே வைத்துக் கொடுத்தார்கள்.

ஜூலை 6

'கட்டுப்பாடுதான் கற்பனையை வளர்க்கும்' என்று இந்தக் கேமராக்காரர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். எனக்கு அப்படியொன்றும் கற்பனை வளர்ந்ததாகத் தெரியவில்லை. முடிவெடுக்கிற தொல்லை குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். எந்த லென்ஸ் எடுத்துப்போவது என்று கிளம்பும் முன் யோசித்து, யோசித்த களைப்பிலேயே கேமராவை வீட்டில் விட்டுப்போன நாட்கள் எனக்கு நிறைய உண்டு. இதை வாசலில் சாவியோடு சேர்த்து வைத்திருக்கிறேன், கை தானாக எடுக்கிறது.

இழந்ததும் உண்டு, மறைக்க வேண்டாம். எதிர் மாடியில் மீன்கொத்தி ஒன்று வந்து உட்கார்ந்தது. 28-இல் அது ஒரு நீலப் புள்ளி. நிலாவும் அப்படித்தான். மேடையில் பேசுகிறவரைக் கடைசி வரிசையிலிருந்து எடுக்க நினைத்தால் கூரைதான் அழகாக வரும்.

ஜூலை 13

பேட்டரி. உடம்பு சின்னது, பேட்டரியும் சின்னது, இதைத் தவிர்க்க வழியில்லை. இன்னொன்று எப்போதும் பையில் இருக்கிறது. இந்த வகையில் எல்லோரும் பயப்படுவது தூசிக்கு. லென்ஸ் நீளும்போதும் சுருங்கும்போதும் காற்றோடு ஒரு துகள் உள்ளே போய்ச் சென்சாரில் ஒட்டினால், கழற்றித் துடைக்க முடியாது, சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். அதனால் துணி உறையில் வைத்துத்தான் சட்டைப் பையில் போடுகிறேன். எஃப்/16-இல் வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துப் பார்த்தேன், இதுவரை சுத்தம்.

ஜூலை 19

பிரிண்ட் போடப் படம் பொறுக்கினேன். 24 மெகாபிக்சல் முழுப் படத்தை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 20 அங்குல அகலத்துக்குப் போடலாம். 50 மி.மீ. அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது 7 சொச்சம் மெகாபிக்சல், அதுவும் 11 அங்குலத்துக்குத் தாராளம். ஆல்பத்துக்கு இதற்கு மேல் எதற்கு? மழை நாளில் எடுத்த மாடிப்படிப் படத்தை மட்டும் பெரிதாகப் போடலாம் என்று எடுத்து வைத்தேன். அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "இதுல யாருமே இல்லையேடா, அந்த நாய்ப் படத்தைப் போடு" என்கிறாள். இரண்டையும் போடச் சொல்லியிருக்கிறேன். நாய் அவளுக்கு.