வைரம் தேடும் சிறு கம்பனிகளின் பங்குகளை வாங்குகிற எங்கள் பிள்ளைகளுக்கு

ஸ்காபரோவில் இருக்கும் என் மருமகனும் அவனுடைய நண்பர்களும், கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் வைரம் தேடும் ஒரு சிறு கம்பனியின் பங்குகளைச் சில சதங்கள் விலையில் ஆயிரக்கணக்கில் வாங்கி வைத்திருக்கிறார்கள். நான் வங்கியின் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், கம்பனி வெளியிடும் ஒவ்வோர் அறிக்கையையும் அவன் எனக்கு அனுப்பி, "மாமா, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்பான். நானும் ஒரு வரி விடாமல் வாசிக்கிறேன், ஏனென்றால் அந்தப் பங்குகளில் கிடப்பது அவனுடைய மேலதிக வேலைக் காசு மட்டுமல்ல. யாழ்ப்பாணத்து உரும்பிராயில் மேல்மாடிக்குத் தூண் எழுப்பியபடி நிற்கும் என் அக்கா வீட்டுக்கு வரவேண்டிய காசும், அவன் அங்கே சீட்டுக் கூறி எடுத்த காசும் அதற்குள்தான் இருக்கின்றன.

அவர்களுடைய நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். புவியியலாளர்களான சக் ஃபிப்கியும் ஸ்டூவர்ட் பிளசனும் அதே வடமேற்குப் பிரதேசங்களில் பத்தாண்டு அளவில், பனியாறுகள் அரைத்து இழுத்துச் சென்ற மண்ணில் வைரப் பாறை இருக்கக்கூடும் என்று காட்டும் செந்நிறக் கார்னெட் போன்ற சுட்டுக் கனிமங்களைப் பொறுக்கி, அவை வந்த திசையில் பின்னோக்கி நடந்து, லக் டி கிரா ஏரிப் பகுதியை அடைந்தார்கள். 1991 இல் பொயின்ற் லேக் என்ற இடத்தில் துளையிட்டு எடுத்த 59 கிலோ பாறையில் 81 சிறு வைரங்கள் இருந்தன. அவர்களுடைய டயா மெற் என்ற சிறு கம்பனி, பெருங்கம்பனியான பி.எச்.பி.யுடன் சேர்ந்து கண்ட எகாட்டிச் சுரங்கம் 1998 இல் திறக்கப்பட்டது. சதங்களில் வாங்கிப் பொறுமையோடு வைத்திருந்தவர்கள் உண்மையாகவே பணக்காரர் ஆனார்கள். "இது இரண்டாவது எகாட்டி எண்டு சொல்லுகினம் மாமா" என்று மருமகன் சொல்லும்போது அவன் நினைப்பது இந்தக் கதையைத்தான். ஆனால் அந்தக் கதையிலேயே பலர் கவனியாமல் விடுகிற ஒரு விடயம் உண்டு: 1998 இல் முதலில் தோண்டப்பட்டது, உலகத்தையே அங்கே ஓடிவரச் செய்த அந்தப் பொயின்ற் லேக் குழாய் அல்ல, பாண்டா என்ற வேறொரு குழாய். (வைரம் கிடக்கும் எரிமலைப் பாறை நிலத்துக்குள் செங்குத்தாக இறங்கி நிற்பதால் அதைக் குழாய் என்பார்கள்.) வைரம் இருப்பது வேறு, சுரங்கம் ஆவது வேறு.

மருமகன் கடைசியாக அனுப்பிய அறிக்கையில் தலைப்பு கொட்டை எழுத்தில் இருந்தது, ஆனால் படிக்கவேண்டிய விடயம் கீழே இருந்த அட்டவணை. துளையிட்டு எடுத்த பாறையை எரிசோடாவில் உருக்கி, எஞ்சுகின்ற வைரத் துகள்களைச் சல்லடை அளவு வாரியாக எண்ணிப் போடுவது அந்த அட்டவணை. முதல் வரி 0.106 மில்லிமீற்றர், அதாவது கண்ணுக்கு ஒரு பொட்டுத் தூசியாகத் தெரியும் அளவு. நல்ல பாறையிலும் துகள்களில் பெரும்பகுதி மேல்வரிகளில்தான் இருக்கும், கீழே 0.85 மில்லிமீற்றரை நெருங்கும் சல்லடைகளில் எத்தனை தங்கின, எண்ணிக்கை அங்கே படிப்படியாகக் குறைகிறதா அல்லது சட்டென்று அற்றுப்போகிறதா என்பதுதான் விற்கக்கூடிய கல் உண்டா என்பதற்கு முதற்குறி. அந்த அறிக்கையில் கீழ்வரிகள் ஏறக்குறைய வெறுமையாக இருந்தன. தலைப்போ மொத்த எண்ணிக்கையை மட்டும் சொன்னது, அன்றைக்குப் பங்கு விலையும் ஏறியது.

எங்களூரில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டவுடன் எவரும் தோட்டத்துக்கு வாய்க்கால் கட்டுவதில்லை; நன்னீரா உவர்நீரா, சித்திரை வெயிலிலும் இறைக்கத் தாங்குமா என்று பார்த்த பிறகுதான் வெங்காயம் நடுவார்கள். வைரத்தில் அந்தச் சோதனைக்குப் பெரும்மாதிரி என்று பெயர். நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரக்கணக்கான தொன் பாறையைத் தோண்டி எடுத்து, தொன்னுக்கு எத்தனை கரட், கரட்டுக்கு எத்தனை டொலர் என்று மதிப்பிடுவார்கள். கரட் என்பது ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. தங்கத்துக்கு உலகம் முழுவதும் ஒரு விலை உண்டு, வைரத்துக்கு அப்படி இல்லை. கல்லின் நிறம், தெளிவு, வடிவம் எல்லாம் பார்த்து மதிப்பிட, கையில் கணிசமான அளவு கற்கள் இருக்கவேண்டும்.

1994 இல் நடந்ததை மருமகனுக்கு விரிவாகச் சொன்னேன். அதே லக் டி கிராப் பகுதியில் திலி குவி சோ என்ற குழாயின் மேல் சிறு முதலீட்டாளர்கள் பெரும் நம்பிக்கை வைத்திருந்தார்கள். பெரும்மாதிரியின் முடிவு ஏமாற்றமாக வந்ததும், அதில் பங்காளிகளாக இருந்த கம்பனிகள் மட்டுமல்ல, அயலில் தேடிக்கொண்டிருந்த ஏபர் போன்றவையும் சேர்ந்து விழுந்தன. ஆனால் அதே ஆண்டு இளவேனிலில், ஏரிப் பனி உருகத் தொடங்கிய வேளையில், ஏபரின் புவியியலாளர் ஐரா தோமஸின் குழு துளையிட்டு எடுத்த பாறைத் தண்டில் ஏறத்தாழ இரண்டு கரட் வைரம் ஒன்று பதிந்திருந்தது. அந்த இடமே பின்னர் டயவிக் சுரங்கமாகி 2003 இல் உற்பத்தியைத் தொடங்கியது. பயத்தில் ஏபரை விற்றவர்களுக்கும் ஆசையில் திலி குவி சோவின் பங்காளிக் கம்பனிகளை வாங்கியவர்களுக்கும் இருந்த குறை ஒன்றுதான்: தாங்கள் வைத்திருக்கும் பங்கு எந்தக் குழாயைச் சேர்ந்தது, அந்தக் குழாயில் எந்தச் சோதனை முடிந்திருக்கிறது என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

கடன் பிரிவில் இருந்தவன் என்ற வகையில் எனக்கு மிகவும் கவலை தருவது பாறை அல்ல, பங்குகளின் எண்ணிக்கை. இப்படிப்பட்ட கம்பனிக்கு வருமானம் கிடையாது. துளையிடும் ஒவ்வொரு பருவத்துக்கும் புதுப் பங்கு அச்சடித்துத்தான் காசு திரட்டவேண்டும். சந்தைக்கு வெளியே சிலருக்கு நேரடியாகப் பங்கு விற்கும் அந்தத் தனியார் ஒதுக்கீட்டில் பெரிய கைகள் சந்தை விலையிலும் குறைவாக வாங்குவது வழக்கம். கூடவே, பிற்பாடு குறித்த விலைக்கு மேலும் பங்கு வாங்கும் உரிமையான வொறண்டையும் பெற்றுக்கொள்வார்கள். கனடாவில் அந்தப் பங்குகளைப் பொதுவாக நான்கு மாதம் விற்கமுடியாது. நான்கு மாதம் முடிகிற வாரத்தில் அவர்கள் விற்கத் தொடங்குவதால், நல்ல செய்தி வந்தும் விலை ஏறாமல் நிற்பதைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் குழம்புகிறார்கள். பிறகு விலை மிகவும் தேய்ந்தால் பத்துப் பங்கை ஒன்றாக்கிவிட்டு, மறுபடியும் முதலில் இருந்து அச்சடிக்கத் தொடங்குவார்கள்.

சுரங்கம் திறந்தாலும் பாடு தீர்ந்துவிடுவதில்லை. கியூபெக்கில் ரெனார் சுரங்கத்தைக் கட்டி முடித்த ஸ்டோர்னவே கம்பனி 2019 இல் கடன்காரரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புத் தேடியது; சாதாரணப் பங்குதாரருக்கு எதுவும் மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு ஆய்வுகூட வைரங்கள் சந்தையை நிரப்பி, இயற்கைக் கற்களின் விலையையும் கீழே இழுத்திருக்கின்றன.

ஆகவே மருமகனிடம் தலைப்பை விட்டுவிட்டுக் காலாண்டுக் கணக்கில் ரொக்கக் கையிருப்பைப் பார்க்கச் சொன்னேன். அந்தப் பனிநிலத்துக்குக் கனரக இயந்திரங்கள் போவது, உறைந்த ஏரிகளின் மேல் குளிர்காலத்தில் சில வாரங்கள் மட்டும் திறக்கும் பனிப்பாதையால்தான். அதற்கு முன் காசு சேராவிட்டால் பெரும்மாதிரி இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போகும். அவன் பார்த்துவிட்டு அழைத்தான். கையில் இருப்பது அலுவலக வாடகைக்கும் சம்பளத்துக்கும் காணும், பெரும்மாதிரிக்குக் காணாது. அடுத்த ஒதுக்கீடு அறிவிக்கப்படுவதற்கு முன்பே வீட்டுக் காசின் அளவுக்கு விற்று அக்காவுக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தைத் தன் சொந்தப் பொறுப்பில் வைத்திருக்கப்போவதாகச் சொன்னான். மேசனை வரச்சொல்லி அக்காவுக்கு அறிவித்துவிட்டேன்.