கம்ப்ரசருக்கு இரட்டைக் காப்பு
அம்மாவுக்கு ஃப்ரிட்ஜ் வாங்க தி.நகரில் ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தேன். விலை பேசி முடித்துக் கார்டை நீட்டும்போதுதான் அந்தத் தம்பி ஆரம்பித்தார்: “சார், 2,800 ரூபாய் போட்டீங்கன்னா மூணு வருஷம் எக்ஸ்டெண்டட் வாரண்டி. கம்ப்ரசர் போனா செலவு பெருசு சார்!”

கம்ப்ரசருக்குக் கம்பெனியே 10 வருடம் தருகிறதே என்று கதவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினேன். சிரித்துவிட்டார். சரி, நிபந்தனைகளைக் காட்டுங்கள் என்றேன். பொடி எழுத்து. கதவு ரப்பர், பல்பு, உள்ளே இருக்கும் தட்டுகள் எதுவும் சேராது. வோல்டேஜ் ஏறி போர்டு கருகினாலும் கிடையாது. நம் ஏரியாவில் கருகுவதே அதுதான்! இதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு.

பாவம், அவருக்கும் மாத டார்கெட் இருக்கும். வேண்டாம் என்றுவிட்டு, அப்புறம் அதே காசில் ஸ்டெபிலைசர் வாங்கினேன். அம்மாவுக்கு அதன் நிறம்தான் பிடிக்கவில்லை.