அத்தையின் கண்களைக் கொடுத்த காலை

1982ஆம் ஆண்டு சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது அமைப்பாளராக வேலைக்குச் சேர்ந்த என் அத்தையை, ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பிறகும் சங்கரன்கோவிலில் ‘சத்துணவு டீச்சர்’ என்றுதான் அழைத்தார்கள். உதவித்தொகைக்கு மனு எழுதித் தருவதும், தறிக்காரர் வீட்டுப் பெண்களுக்குத் துணையாகத் தாலுகா அலுவலகம் போய்வருவதும் அவருக்கு அன்றாட வேலைகள். ஆனால் அவர் விடாப்பிடியாகச் செய்தது வேறொன்று. இறப்பு நேர்ந்த வீட்டை எங்கள் பக்கத்தில் துட்டி வீடு என்போம். துட்டி கேட்கப் போகிற இடத்தில் அத்தை இறந்தவரின் கண்ணையும் தானமாகக் கேட்டுவிட்டு வருவார்.

அவருடைய சத்துணவு மையத்தில் சாப்பிட்ட ஒரு சிறுமிக்கு முள் குத்தி ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. மதுரையில் யாரோ கொடுத்த கருவிழியைப் பொருத்திய பின் அந்தப் பிள்ளை தட்டிலிருந்த சோற்றில் கல் பொறுக்கிக் காட்டியதாம். அன்று தொடங்கிய வேலை இது. சில வீடுகளில் அவரை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பதினாறாம் நாள் அதே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்.

இத்தனை பேரை வழிநடத்தியவரின் வீட்டிலேயே, அவருடைய முறை வந்தபோது நாங்கள் தடுமாறினோம். அதிகாலை 4.20க்கு மாரடைப்பில் அத்தை போய்விட்டார். தெருக்கோடியிலிருந்த மருத்துவர் வந்து இறப்பை உறுதிசெய்து, காரணத்தைக் குறித்துச் சான்று எழுதிக் கொடுத்தார். நானோ அத்தை கையெழுத்திட்ட கண்தான உறுதிமொழி அட்டையைத் தேடி பீரோவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் அதில் போயிற்று. அந்த அட்டை தேவையே இல்லை என்பதும், இறந்தவரின் நெருங்கிய உறவினர் சம்மதித்துக் கையெழுத்திட்டால் போதும் என்பதும், உயிரோடிருக்கையில் அட்டை வாங்காதவரின் கண்ணையும் அப்படிக் கொடுக்கலாம் என்பதும் அத்தை எத்தனையோ வீடுகளில் சொல்ல நான் கேட்டவைதாம். கண் வங்கியின் எண் அடுப்படிக் கதவின் உட்புறம் சாக்கட்டியால் எழுதியிருந்தது.

தொலைபேசியை எடுத்தவர் முதலில் கேட்டது, “மின்விசிறி ஓடுதா?” என்பதுதான். ஓடிக்கொண்டிருந்தது. காற்றுப் பட்டால் கருவிழி உலர்ந்துவிடும் என்பதால் அதை நிறுத்தி, இமைகளை மூடி, அவற்றின்மேல் ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு ஒரு தலையணை கொடுத்து உயர்த்தி வைக்கச் சொன்னார். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். திருநெல்வேலியிலிருந்து குழு கிளம்புகிறது என்றார்.

அதற்குள் பெரியப்பா வந்துவிட்டார். “ஏட்டி, அவளுக்குச் சர்க்கரை, ஒரு கண்ணுல புரை ஆபரேசன் வேற. அந்தக் கண்ண வாங்கி என்ன செய்யப் போறாவ?” என்றார். சர்க்கரை நோயோ கண்ணாடியோ புரை அறுவையோ தடையில்லை, வெறிநாய்க்கடி, எய்ட்ஸ், மஞ்சள்காமாலைக் கிருமி போன்றவற்றால் இறந்தவர்களிடம்தான் எடுக்க மாட்டார்கள் என்று சொன்னேன். அவர் உண்மையில் அஞ்சியது அதற்கல்ல. சற்று நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்தி, “அடுத்த பிறவியில குருடாப் பிறந்துட்டா?” என்றார். இந்தக் கேள்விக்கு அத்தை ஒருபோதும் வாதாடியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அழவிட்டு, பிறகு மறுபடி கேட்பார். நானும் பேசாமல் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். சாட்சிக் கையெழுத்து இரண்டில் ஒன்று அவர் போட்டது.

6.50க்கு வந்த இருவரும் மருத்துவர் சான்றைப் பார்த்து, சம்மதப் படிவத்தில் அத்தை மகனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அறையிலிருந்து எங்களை வெளியேறச் சொன்னார்கள். தொற்று இருக்கிறதா என்று பரிசோதிக்கக் கொஞ்சம் இரத்தமும் எடுத்தார்கள். முழுக் கண்ணைத் தோண்டி எடுப்பார்கள் என்று வாசலில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். எடுத்தது முன்புறக் கருவிழிப் பகுதியை மட்டும். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு ரூபாய் செலவில்லை. உள்ளே போய்ப் பார்த்தபோது, மூடிய இமைகளோடு அத்தை மதியத் தூக்கத்தில் இருப்பவர் போலவே கிடந்தார். பெரியப்பா குனிந்து வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் தெரியலையே” என்றார்.

யாருக்குப் பொருத்தப்படும் என்று கேட்டேன். அதைச் சொல்வதில்லை என்றார்கள். கண்ணுக்கு ஒருவராக இரண்டு பேருக்குப் போகலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியோடு கிளம்பினார்கள்.

பதினாறாம் நாள் முடிந்த பிறகுதான் அத்தையின் நீளக் கணக்கு நோட்டைத் திறந்தேன். பெயர், உயிர் பிரிந்த நேரம், போன் செய்த நேரம், குழு வந்த நேரம் என்று நான்கு பத்திகள். பத்து நிமிடம், கால் மணி என்றே எல்லா வரிகளிலும் போன் போயிருந்தது. கடைசி வரிக்குக் கீழே அவர் பெயரை எழுதி, 4.20 என்றும், அடுத்த பத்தியில் 5.20 என்றும் எழுதினேன்.