அவனுடைய பைக்கை ஓட்ட நான் பழகியது

கணையப் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பிறகுதான் வெளியே தெரியும். என் நண்பனுக்கும் அப்படித்தான். மேல்வயிற்று வலி, முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது. ஸ்கேன் எடுத்தபோது கல்லீரலுக்கும் பரவியிருந்தது.

கீமோவில் அவனுக்கு ஆக்ஸாலிபிளாட்டின் கொடுத்தார்கள். அந்த மருந்து நரம்புகளைப் பாதிக்கும். குளிர்ந்த எதைத் தொட்டாலும் ஊசி குத்துவது போலிருக்கும், விரல் நுனிகள் மரத்துப்போகும். "கிளட்ச் எங்க பிடிக்குதுன்னு கைக்குத் தெரியலடா" என்று ஒருநாள் சொன்னான். அன்றைக்கே சாவியை என்னிடம் கொடுத்துவிட்டான். ஓட்டாதே என்று யாரும் அவனிடம் சொல்ல வேண்டி வரவில்லை. நான் பார்த்த துணிச்சலிலேயே பெரியது அதுதான். கொஞ்ச காலம் என் பின்னால் உட்கார்ந்து வந்தான். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்ததும் மருத்துவர் அதையும் வேண்டாம் என்றார்.

"வண்டிய சும்மா நிறுத்திப் போடாத" என்பது மட்டும்தான் என்னிடம் அவன் கேட்டது.

அவன் போன பிறகு முதல் சில வாரங்கள் எந்த பைக்கையும் நான் தொடவில்லை. தூக்கம் இல்லை, கவனம் நிற்கவில்லை. அந்த நிலையில் சாலையில் இறங்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். மனசு லேசாகும் என்று உடனே நீண்ட பயணம் கிளம்புகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

ஆனால் அவனுடையது பழைய கார்புரேட்டர் வண்டி. நின்றே கிடந்தால் பெட்ரோல் கெட்டு, பிசினாகி, பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட்டை அடைத்துவிடும். பேட்டரியும் இறங்கும். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓடவிட்டால் பேட்டரி ஏறாது, ஆயிலில் ஈரம்தான் சேரும். ஓட்டித்தான் ஆக வேண்டும். டயரில் காற்றைச் சரிபார்த்து, செயினுக்கு எண்ணெய் விட்டு உட்கார்ந்தேன். கிளட்ச் லிவர் அவன் வைத்திருந்தபடியே, எனக்குக் கொஞ்சம் தாழ்வாக இருந்தது. மாற்ற மனசு வரவில்லை. கைதான் பழகிக்கொண்டது. அழுகை வந்தபோது ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, அழுது முடித்த பிறகே கிளம்பினேன்.

எங்கள் பைக் குழுவில் யாரும் என் முன்னால் அவன் பேரை எடுக்காமல் இருந்தார்கள். நல்ல எண்ணம்தான், எனக்குத்தான் அது பெரிய பாரமாக இருந்தது. அவனைப் பற்றிப் பேசுங்கள் என்று நானே கேட்டேன். இப்போது பெட்ரோலுக்கு நிறுத்தினால் யாராவது அவன் கதை ஒன்றை எடுக்கிறார்கள். சிலது எனக்கே தெரியாத கதைகள்.