அந்தக் கண்ணாடிக்குள் இருப்பது எலும்புதான்

சில வாரங்களுக்கு முன்னால் ஒரு புனிதரின் திருப்பண்டத்தை, அதாவது அவர் விட்டுப்போன எச்சத்தை, முத்தமிட வரிசையில் நின்றிருந்தேன். ஃபாதர் கையில் ஒரு சிறிய பேழை, நடுவில் வட்டக் கண்ணாடி, அதற்குள் சிவப்புத் துணியின் மேல் பென்சில் முனை அளவுக்கு ஒரு துணுக்கு, அவ்வளவுதான். ஒவ்வொருவரும் முத்தமிட்டதும் ஒரு வெள்ளைத் துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அடுத்தவரிடம் நீட்டினார். எனக்கு முன்னால் நின்ற சிறுமி, "உள்ளே என்னம்மா இருக்கு?" என்று கேட்டாள். "சாமிடா, கும்பிட்டுக்கோ" என்றார் அம்மா.

எனக்குச் சுருக்கென்றது. சாமி இல்லையே, எலும்பு! ஆனால் அதைச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. குழந்தையிடம் எலும்பு என்று எப்படிச் சொல்வது என்று அந்த அம்மா யோசித்திருக்கலாம், பாவம்.

இதே விஷயத்தை ஒரு பெந்தெகொஸ்தே நண்பர் என்னிடம் நேராகவே கேட்டிருக்கிறார்: "செத்தவங்க எலும்பைப் போய் முத்தமிடுறீங்களே, இது எந்த வேதத்துல இருக்கு?" அவருக்கு நான் அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. கேள்வி புதிதில்லை என்பதுகூட எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன்பே விஜிலான்சியுஸ் என்ற குருவானவர், துணியில் சுற்றிச் சின்னப் பாத்திரத்தில் வைத்த தூசியைப் போய் வணங்குகிறீர்களே என்று கேலி செய்தார். 406இல் அவருக்கு மறுப்பு எழுதிய புனித ஜெரோம் கொஞ்சமும் சாந்தமாக எழுதவில்லை. விழிப்பானவர் என்று பொருள்படும் அந்தப் பெயரையே திருப்பி, தூங்குமூஞ்சி என்று கிண்டலடித்தார். கோபத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அவர் சொன்னது எளிமையானது: ஆராதனை கடவுளுக்கு மட்டும், மறைசாட்சிகளின் எச்சங்களுக்கு நாம் செலுத்துவது மரியாதை, அந்த மரியாதையும் அவர்கள் யாருக்காக உயிர் கொடுத்தார்களோ அவரிடமே போய்ச் சேர்கிறது.

வேதத்தில் இருக்கிறதா என்றால், இருக்கிறது. இறைவாக்கினர் எலிசாவின் எலும்புகளின் மேல் பட்ட பிணம் உயிர் பெற்று எழுந்தது அரசர்கள் இரண்டாம் நூல் 13ஆம் அதிகாரத்தில் வருகிறது. பவுலின் உடலில் பட்ட கைக்குட்டைகளை நோயாளிகளிடம் கொண்டுபோனது திருத்தூதர் பணிகள் 19இல். ஆனால் அதே அரசர்கள் நூலில், ஐந்து அதிகாரம் தள்ளி, இன்னொன்றும் இருக்கிறது. மோசே செய்த வெண்கலப் பாம்பு, கடவுளே செய்யச் சொன்னது, மக்கள் அதற்குத் தூபம் காட்ட ஆரம்பித்ததும் எசேக்கியா அரசன் அதை உடைத்துப் போட்டான். திருப்பண்டங்களைப் பற்றிப் பேசும் நம்மவர்கள் எலிசாவைச் சொல்வார்கள், எசேக்கியாவைச் சொல்ல மாட்டார்கள். இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் விஷயம் பிடிபடும் என்பது என் எண்ணம்.

சரி, எலும்பு எதற்கு? படம் போதாதா, எழுதி வைத்தது போதாதா?

இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல பதில் இரண்டாம் நூற்றாண்டில் இருக்கிறது. ஸ்மிர்னா நகரத்து ஆயர் போலிகார்ப்பை எரித்துக் கொன்ற பிறகு (155 வாக்கில்), மீதியிருந்த எலும்புகளை அங்கிருந்த கிறிஸ்தவர்கள் பொறுக்கி எடுத்தார்கள். விலை மதிப்புள்ள கற்களையும் பொன்னையும்விட மேலானவை என்று சொல்லித் தகுந்த இடத்தில் வைத்து, ஆண்டுதோறும் அங்கே கூடப் போவதாக இன்னொரு சபைக்குக் கடிதமும் எழுதினார்கள். கிறிஸ்துவை ஆராதிக்கிறோம், மறைசாட்சிகளை அவருடைய சீடர்கள் என்று நேசிக்கிறோம் என்று அந்தக் கடிதமே பிரித்துச் சொல்லிவிடுகிறது. அந்தக் காலத்து உரோமையர்கள் பிணத்தை ஊருக்குள் புதைக்க விடமாட்டார்கள், யூதர்களுக்குப் பிணம் தீட்டு. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கூட்டம் கருகிய எலும்பைப் பொன் என்கிறது! காரணம் ஒன்றுதான்: அந்த உடல் மறுபடி எழும் என்று அவர்கள் நிஜமாகவே நம்பினார்கள். ஆன்மா மட்டும் தப்பித்துப் போய்விடும், உடல் வெறும் கூடு என்று நினைக்கிறவர்களுக்கு எலும்பு குப்பைதான். பிற்காலத்தில் பலிபீடத்துக்குள் திருப்பண்டம் வைக்கும் வழக்கம் வந்ததும், கோவில்களை அர்ச்சிக்கும்போது திருப்பண்டம் இருக்க வேண்டும் என்று 787இல் ஆயர்கள் கூடிய இரண்டாம் நீசேயா பொதுச்சங்கம் சொன்னதும் இந்த வேரிலிருந்துதான். ஆர்த்தடாக்ஸ் சபைகளில் இன்றும் பீடத்தில் விரிக்கும் துணியிலேயே ஒரு துணுக்கைத் தைத்து வைக்கிறார்கள்.

அப்புறம் போலிகள். இதில்தான் எனக்கும் என் சொந்தச் சபைக்காரர்களுக்கும் தகராறு. "உண்மையோ போலியோ, நம்பிக்கைதானே முக்கியம்" என்று மிகச் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். திருமுழுக்கு யோவானின் தலை உரோமையில் இருக்கிறது, பிரான்சின் அமியான் பேராலயத்தில் இருக்கிறது, டமாஸ்கஸ் மசூதியிலும் இருக்கிறது என்கிறார்கள், அவருக்கு இருந்தது ஒரே தலை. ஜெர்மனியின் விட்டன்பர்க்கில், கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்துப் பிரிந்த லூத்தருக்கு ஆதரவாக நின்ற சாக்சனி இளவரசர் ஃபிரெடரிக்கே 19,000க்கும் மேற்பட்ட திருப்பண்டங்களைச் சேர்த்து வைத்திருந்தார், அத்தனையும் அசல் என்று அவருடைய கணக்குப்பிள்ளைகூட நம்பியிருக்க மாட்டார். 1543இல் இன்னொரு புராட்டஸ்டன்ட் தலைவரான கால்வின், இயேசுவின் சிலுவைத் துண்டுகள் என்று காட்டுபவற்றை எல்லாம் சேர்த்தால் ஒரு கப்பலே நிறையும் என்று எழுதினார். 1870இல் ரோஓ த ஃப்ளரி என்ற பிரெஞ்சுக்காரர் உட்கார்ந்து அளந்து கூட்டிப் பார்த்தபோது ஒரு சிலுவையின் சிறு பங்குதான் தேறியது. கால்வின் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டார்தான், அதற்காக அந்தத் துண்டுகள் எல்லாம் அசல் ஆகிவிடாது.

எனக்கு ஏன் இது முக்கியம்? கிறிஸ்தவம் ஒரு குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட இடத்தில், சதையும் இரத்தமுமாக ஒருவர் வந்தார் என்று சொல்கிற மதம். இயேசுவுக்கு மரண தண்டனை விதித்த உரோமை ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் பெயரை விசுவாச அறிக்கையிலேயே வைத்திருக்கிறோம். அப்படியிருக்க, இந்த மனிதர் உண்மையிலேயே வாழ்ந்தார், இதோ அவருடைய உடல் என்று காட்டும் பொருள் போலியாக இருந்தாலும் பரவாயில்லை என்றால், அந்தப் பொருளுக்குச் சொல்ல வேறென்ன மிச்சம் இருக்கிறது? இயேசுவின் உடலைச் சுற்றியது என்று பலர் நம்பும் தூரின் துணியை 1988இல் மூன்று ஆய்வகங்கள் கார்பன் சோதனை செய்து 1260க்கும் 1390க்கும் இடைப்பட்டது என்று சொன்னபோது, பலருக்கு வலித்தது, வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் சோதனைக்குத் துணியை வெட்டிக் கொடுக்கச் சபையே சம்மதித்தது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. பத்து ஆண்டு கழித்து திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அதன் முன் நின்று, இந்தக் கேள்விகளைத் தீர்ப்பது சபையின் வேலை இல்லை, அறிவியலாளர்களுடையது என்றார்.

திருப்பண்ட விற்பனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் தடுத்தது, இன்றைய திருச்சபைச் சட்டம் 1190ஆம் பிரிவும் முற்றிலும் தடுக்கிறது, இணைய ஏலத் தளங்களில் இன்றும் ஓடுகிறது. வாங்காதீர்கள்.

என் முறை வந்தது. முத்தமிடுவதற்கு முன்னால் ஃபாதரிடம், பேழையின் பின்பக்கத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டேன். வரிசையை நிறுத்தியதில் பின்னாலிருந்தவர்களுக்கு எரிச்சல், ஆனால் அவர் சிரித்துக்கொண்டே திருப்பிக் காட்டினார். சிவப்பு நூல், அதன் மேல் உடையாத அரக்கு முத்திரை, பேழையை யாரும் திறக்கவில்லை என்பதற்கு அடையாளம். "அசல்னு சொல்ற பேப்பரும் இருக்கு, அப்புறம் வந்தா காட்டுறேன்" என்றார். அந்தச் சிறுமி ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை கேள்வி என்னிடம் வந்தது. "எலும்புதான்மா," என்றேன், "ஒரு நல்லவரோட எலும்பு." அவள் முகத்தைச் சுளிக்கவில்லை. "அவருக்கு வலிச்சிருக்குமா?" என்று கேட்டாள்.