சாமி உத்தரவும் சர்க்கார் உத்தரவும்

"சாமி உத்தரவு குடுத்துடுச்சி மணியக்காரரே. ஒங்க உத்தரவு எங்க? காட்டுங்க, பாப்போம்."

கிடாவின் முதுகில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. நான் வண்டியை நிறுத்துவதற்கு ஒரு நிமிடம் முன்னால்தான் அது உடம்பைச் சிலுப்பியிருக்கிறது. சிலுப்பினால் சம்மதம். சிலுப்பாத ஆட்டை யாரும் தொடமாட்டார்கள். மறுபடி தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பில் நான் போய்ச் சேர்ந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். தலையாரி தகவல் சொல்லி, நான் டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பினேன். அந்த டீதான் இடைவெளி.

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஜெராக்ஸை எடுத்து நீட்டினேன். கேட்டது கிடாவைக் கொண்டுவந்திருந்த ஆயா. அவருக்குப் படிக்கத் தெரியாது. வாங்கி, திருப்பிப் பார்த்து, என்னிடமே கொடுத்தார். "படிங்க."

2004 ஜனவரி. தைப்பூசத்துக்கு முந்தைய வாரம். அந்த உத்தரவைப் பற்றி நம் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1950ல், இது சென்னை மாநிலமாக இருந்தபோது, இந்துக் கோயில்களிலும் அவற்றின் வளாகங்களிலும் ஆடு கோழி பலியிடக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டார்கள். போட்டதோடு சரி. அரை நூற்றாண்டுக்கு மேல் அது தூங்கியது. அதற்கிடையில் வந்து போன எந்த ஆட்சியும் அதைத் தட்டி எழுப்பவில்லை. 2003 ஆகஸ்ட் கடைசியில் ஜெயலலிதா அரசு, கண்டிப்பாக அமல்படுத்துங்கள் என்று ஆட்சியர்களுக்கும் காவல்துறைக்கும் சொன்னது. ஆட்சியரிடமிருந்து கோட்டாட்சியர், அங்கிருந்து தாசில்தார், அங்கிருந்து கடைசியில் எங்களைப் போன்ற வி.ஏ.ஓ.க்கள், அதாவது கிராம நிர்வாக அலுவலர்கள். ஊர் வாயில் மணியக்காரர். ஓடையில் கீழே வர வர வேகம் கூடும் தண்ணீர் மாதிரிதான் உத்தரவும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் எங்கள் நிலைமை புரியாது. அதே 2003 ஜூலையில்தான் அரசு ஊழியர் வேலைநிறுத்தம். லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரே அடியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றம் தலையிட்டுப் பெரும்பாலோர் திரும்பி வந்தாலும், வந்தவர்களின் முகத்தில் ரத்தம் திரும்ப ரொம்ப நாள் ஆயிற்று. அந்த நேரத்தில் மேலிருந்து வரும் எந்தத் தாளையும் "பார்க்கலாம்" என்று ஓரமாக வைக்கும் துணிச்சல் எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் இல்லை. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. சரி, சாக்காகத்தான் சொல்கிறேன்.

ஆனால் துணிச்சல் இல்லாதவர்களுக்கும் வழி இருந்தது. அதுதான் உறுத்துகிறது. வாராவாரம் அறிக்கை கேட்டார்கள்: கோயில் பெயர், புல எண், பலி முயற்சி உண்டா, எடுத்த நடவடிக்கை. பக்கத்துப் பிர்க்காவில் இருந்த மூத்தவர் ஒருவர் மாதக்கணக்கில் எதுவும் நடக்கவில்லை என்று 'இன்மை' அறிக்கையே கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் எல்லையில் வாரம் நாலு கிடா விழும் என்பது ஊருக்கே தெரியும். "அன்னைக்கு நான் இன்னொரு கிராமத்துல வசூல்ல இருந்தேன்பா" என்பார். அவரை நான் மனதுக்குள் சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன். நான் மட்டும் ஏன் டீயைக் குடித்துவிட்டாவது கிளம்பினேன்?

எங்கள் வீடு சன்மார்க்க வீடு. தாத்தா காலத்திலிருந்து வள்ளலார் படத்துக்கு முன்னால் விளக்கு. முட்டை கூட உள்ளே வராது. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் வடலூர். 1867ல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்னும் அணையவில்லை என்று அப்பா அந்த அடுப்பங்கரையில் நிற்கவைத்துச் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. கொல்லாமை எனக்குக் கொள்கை என்பதற்கு முன்னால் வயிற்றுப் பழக்கம். ரத்த வாடைக்கே குமட்டும். ஆகஸ்ட் மாதம் தாசில்தார் கூட்டத்தில் அந்தச் சுற்றறிக்கையை வாசித்தபோது எல்லோரும் முணுமுணுத்தார்கள். நான் முணுமுணுக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அலுவலகத்தில் அந்த மாதங்களில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். 2002ல் மதமாற்றத் தடை, கோயில்களில் அன்னதானம், 2003 நவம்பரில் கோயில் யானைகளுக்கு முதுமலையில் முகாம், எல்லாவற்றையும் ஒரே நூலில் கோத்து, "அம்மாவுக்குப் பக்தி ஜாஸ்தி" என்று ஒருவர் முடித்துவைத்தார். முதலமைச்சரின் பக்தியைப் பற்றி டீக்கடையில் பேசுவது சுலபம். அந்தச் சட்டம் ஏரிக்கரையில் வந்து நின்றபோது அதைக் கையில் பிடித்திருந்தவனின் பக்தியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஆயா கேட்டார்.

நான் வாசித்து முடித்ததும் அவர் முதலில் கேட்டது: "கோயில்னு போட்டிருக்குதே, இது கோயிலா?"

மூன்று கல், ஒரு சூலம், ஒரு வேப்பமரம். கூரை இல்லை, சுவர் இல்லை. முனீஸ்வரன் என்று ஊர் சொல்லும். என் 'அ' பதிவேட்டில், அதாவது கிராமத்து நிலக் கணக்கில், அந்தப் புல எண் முழுக்க ஏரிப் புறம்போக்கு. கோயில் என்று ஒரு எழுத்து கிடையாது. பயிர்க் கணக்கான அடங்கலிலும் இல்லை. அது உண்மையிலேயே கோயில் என்றால், ஆக்கிரமிப்பு என்று எழுதிக் கொடுக்கும் பி மெமோ போட்டிருக்க வேண்டியவன் நான். ஒரு வருஷமும் போட்டதில்லை. அதாவது அரசாங்கத்தின் கண்ணில் அங்கே மூன்று கல்தான் இருந்தது. சட்டம் கோயிலுக்குத்தான். "எங்க கணக்குல இங்க கோயிலே இல்ல ஆயா, நீங்க ஆவுறதப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பியிருக்கலாம். சட்டமும் கெட்டிருக்காது, பொய்யும் ஆகியிருக்காது. அது பிற்பாடு தோன்றிய யோசனை இல்லை. அங்கேயே, அந்த நொடியிலேயே வந்தது. வந்ததைத் தள்ளிவிட்டு, "ஆமா, கோயில்தான்" என்றேன்.

ஆயா சிரித்தார். கோபமான சிரிப்பு இல்லை. "அப்பாடா, கவருமெண்டே சொல்லிடுச்சி" என்று பூசாரியைப் பார்த்துச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "இத நீங்க சொல்றீங்களா, கவருமெண்டு சொல்லுதா?"

"சட்டம் சொல்லுது ஆயா."

இருபது வருஷமாக இந்த மூன்று வார்த்தையைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். பொய் இல்லை. காகிதம் கையில் இருந்தது. ஆனால் உண்மை என்றும் சொல்ல முடியவில்லை.

சட்டம் எப்போது சொல்கிறது, யார் வாயால் சொல்கிறது? எங்கள் தாலுகா அலுவலகத்திலேயே தலைமை எழுத்தர் மேஜைக்கு மேலே பிள்ளையார் படம், அதற்குப் பூ, ஆயுத பூஜைக்குப் பொரிகடலை. அரசு அலுவலகங்களில் கடவுள் படங்கள் வேண்டாம் என்று 1968ல் அண்ணா முதல்வராக இருந்தபோதே உத்தரவு போட்டாயிற்று. அதுவும் தூங்குகிற உத்தரவுதான். பிள்ளையாருக்குக் கீழே உட்கார்ந்துதான் முனீஸ்வரனுக்கு நோட்டீஸ் டைப் செய்தோம். ஆட்சியில் இருப்பவரின் மதம் புதிதாக எழுதும் சட்டத்தில்தான் தெரியும் என்று முன்பு நினைத்திருந்தேன். தூங்குகிறவற்றில் எதை எழுப்புகிறார்கள், எதைத் தூங்கவிடுகிறார்கள் என்பதில்தான் அதிகம் தெரிகிறது. அந்த விஷயத்தில் வி.ஏ.ஓ.வும் ஒரு குட்டி முதலமைச்சர்தான்.

ஆனால் இப்படி எழுதும்போதே இன்னொரு பக்கம் இழுக்கிறது. அப்பாவுக்குப் பிடித்த ஒரே அரசியல்வாதி ஓமந்தூரார். பக்திமான், பதவியை விட்ட பிறகு வடலூரிலேயே போய் இருந்தவர். அவர் சென்னை மாகாணத்தின் பிரதமராக (அன்று முதல்வரை அப்படித்தான் சொல்வார்கள்) இருந்தபோதுதான் 1947ல் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டமும், எல்லோருக்கும் கோயிலைத் திறக்கும் சட்டமும் வந்தன. நம்பிக்கையை வீட்டில் வைத்துவிட்டுக் கோட்டைக்குப் போ என்று அவரிடம் யாராவது சொல்லியிருந்தால்? மறுபக்கம், நம்பிக்கை இல்லாதவர்களும் தங்கள் கொள்கையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். 1967ல் சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று திருத்தம் செய்தபோது அதில் பெரியாரின் வாழ்நாள் இருந்தது. அந்தத் திருத்தத்தால் யாரும் தன் கல்யாணத்தில் அய்யரைக் கூப்பிடுவதை விடவேண்டி வரவில்லை. கதவைத் திறக்கிற சட்டம் ஒன்று, மூடுகிற சட்டம் ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாமா? பிரித்தால், தேவதாசி சட்டமும் ஒன்றை மூடியதுதானே. எனக்கு இது இன்னும் பிடிபடவில்லை.

ருக்மிணி தேவி அருண்டேலையும் நினைத்துக்கொள்வேன். மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்து, மிருகவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர். பிரம்மஞான சபைக்காரர், சைவம். அவர் நினைத்திருந்தால் எவ்வளவு தூரம் போகச் சொல்லியிருப்பாரோ. ஆனால் 1960ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் 28ஆவது பிரிவு இருக்கிறது: ஒரு சமூகத்தின் மதம் கோரும் முறையில் விலங்கைக் கொல்வது அந்தச் சட்டப்படி குற்றமாகாது. அந்தப் பிரிவை முதல்முறை படித்தபோது எரிச்சலாக இருந்தது. இப்போது அதைப் படித்தால் ஆயாவின் முகம் வருகிறது. அதற்காக அந்தப் பிரிவு சரி என்று ஒப்புக்கொண்டேனா என்றால், இல்லை. ஆடு ஆடுதான். அதற்கு யார் கேட்டாலும் ஒரே கழுத்து. வள்ளலார் நினைவு நாளில் இறைச்சிக் கடைகளை மூடச் சொல்லும் உத்தரவை நான் இதுவரை ஒருமுறை கூட, இது யாருடைய மதம் என்று கேட்டதில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அன்று சண்டை எதுவும் நடக்கவில்லை. நான் தான் யோசனை சொன்னேன்: "கரைக்கு அந்தாண்ட பட்டா நிலம். அங்க கொண்டுபோய் அறுத்துக்குங்க, நான் கேக்கமாட்டேன்." சட்டப்படி சரியான யோசனை. கோயிலிலும் வளாகத்திலும் கூடாது, அவ்வளவுதானே. சொல்லி முடித்ததும் என் வாயில் என்ன வந்தது என்று எனக்கே கூசியது. கொல்லாமைக்காரன் கொல்வதற்கு இடம் காட்டுகிறேன். கொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, சாமிக்குக் கொடுக்காதே என்கிறேன்.

ஆயா கிடாவின் கயிற்றை அவிழ்த்தார். "சாமிக்குன்னு சிலுப்புனத அங்க கொண்டுபோயி கறியா அறுக்கறதா?" என்றார். பேரன் கிணற்றில் விழுந்து பிழைத்ததற்கான வேண்டுதல் அது. எட்டு வயதுப் பையன், ஆயாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். கிடாவையும் பையனையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு கரையோடு நடந்து போனார்கள்.

பிப்ரவரியில் அரசு அவசரச் சட்டம் போட்டு அந்த 1950ஆம் வருஷச் சட்டத்தையே ரத்து செய்தது. தேர்தல் வருகிறது என்றார்கள். மே மாதம் 39 தொகுதியும் போன பிறகு மதமாற்றத் தடையும் திரும்பப் போனது. ஒரு மாதம் பொறுத்திருந்தால் ஆயாவுக்கு என்னிடம் உத்தரவு கேட்க வேண்டியிருந்திருக்காது. இடையில் அந்தக் கிடாவை ஏரிக்கரையில் இரண்டு மூன்று முறை பார்த்தேன், நன்றாகக் கொழுத்திருந்தது. ஒரு உயிருக்கு இரண்டு மாதம் வாங்கிக் கொடுத்தேன் என்று சில ராத்திரி நினைத்துக்கொண்டதுண்டு. பங்குனியில் அதைக் கொடுத்துவிட்டார்கள். எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. எதற்குச் சொல்லி அனுப்ப வேண்டும்?

ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. போன மாதம் ஒரு பையன் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தான். நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று முனீஸ்வரனுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறதாம். இப்போது கூரையும் சுவரும் போட்டிருக்கிறார்கள். ரொம்ப நாளாகக் கோயில் இருக்கிறது என்று காட்ட அரசாங்கக் காகிதம் எதுவும் இல்லை. பழைய தலையாரி சொல்லியிருக்கிறார்: அந்தக் காலத்தில் சார் ஏதோ எழுதினார், அவரைப் போய்ப் பார்.

இருந்தது. அந்த வார அறிக்கையின் கார்பன் நகலை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். கோயில் பெயர்: அருள்மிகு முனீஸ்வரன். புல எண் என் கையெழுத்தில். அந்தக் கோயில் இருப்பதாக அரசாங்கத் தரப்பில் எழுதப்பட்ட ஒரே காகிதம், அதில் பலி கூடாது என்று சொல்ல எழுதியது.

பையன் வாங்கி நிதானமாகப் படித்தான். கடைசிப் பத்தியில் விரலை வைத்து, வாய்விட்டு வாசித்தான்: "மேற்படி பக்தர்கள் தாமாகவே முன்வந்து பலியிடுவதைக் கைவிட்டனர்."

நிமிர்ந்தான். "நான்தான் சார் அந்தப் பேரன்" என்றான். "ஆயா தானா முன்வந்துச்சா சார்?"

ஜெராக்ஸ் எடுக்கக் கடை திறந்திருக்கும், வா என்று சொல்லிச் செருப்பை மாட்டினேன்.